பப் குழுவில் பேஸ் வாசிப்பது: கிட்டார் வாசித்தவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: சில ஆண்டுகளாக வீட்டில் கிட்டார் வாசித்து வருகிறேன். இங்கிலாந்தில் என்னுடன் வேலை பார்க்கும் நண்பர்கள் வார இறுதிகளில் பப்களில் (மதுக்கூடங்களில்) பழைய ராக், சோல் பாடல்களை வாசிக்கும் குழு ஒன்றை நடத்துகிறார்கள். அவர்களுடைய பேஸ் வாசிப்பாளர் வேறு ஊருக்குக் குடிபோவதால் அந்த இடத்துக்கு என்னை அழைக்கிறார்கள். கிட்டார் தெரிந்தவருக்கு பேஸ் எளிதுதானே? எந்தக் கருவி, எந்த ஆம்ப் (ஒலிபெருக்கி) வாங்குவது, எதைப் பழகுவது?

பதில்:

ஸ்வரம் எங்கே இருக்கிறது என்ற அளவில் உங்களுக்கு எளிதுதான். பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளும் ஈ, ஏ, டி, ஜி என்று, நீங்கள் வாசிக்கும் கிட்டாரின் மேல்பக்கத்து நான்கு தடித்த தந்திகளின் வரிசையிலேயே, ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே முதல் நாளிலேயே எந்த ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளால் பிரிந்த இடத்தில்) எந்த ஸ்வரம் என்று உங்கள் விரல்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பேஸ் வாசிப்பதில் உள்ள கடினம் ஸ்வரத்தைத் தொடங்குவதில் இல்லை. அதை எப்போது நிறுத்துவது என்பதில் இருக்கிறது. கிட்டாரில் ஒரு கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்களை) அடித்துவிட்டு அது தானாக அடங்கும்வரை விட்டுவிடலாம், பல நேரங்களில் அதுதான் அழகும்கூட. பேஸில் அப்படி விட்டால், அடுத்த ஸ்வரம் வந்த பின்பும் முந்தையதன் முழக்கம் அடியில் கிடந்து, முழுக் குழுவின் தாளத்தையும் கலங்கலாக்கிவிடும். பப் குழுக்களில் சேரும் கிட்டார்காரர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த ஓரிடத்தில்தான் என்பதால், கருவியையும் ஆம்பையும் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் வாசிக்கப்போகும் பாடல்களில் மிகப் பல நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தவை. காலால் அடிக்கும் கிக் டிரம் பெரும்பாலும் ஒன்றாம், மூன்றாம் எண்ணிக்கைகளிலும், குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளிலும் விழும். ஒன்றாம் எண்ணிக்கையில் கிக்கோடு சேர்ந்து ஒரு ஸ்வரத்தைத் தொடங்கி, இரண்டில் ஸ்நேர் விழும் அதே கணத்தில் அதை அடைத்துப் பாருங்கள். ஸ்நேர் முன்பைவிட உரக்க அடிக்கப்பட்டது போலத் தோன்றும், பாட்டுக்கு ஒரு துள்ளல் வரும். அதே ஸ்வரத்தை ஸ்நேரையும் தாண்டி நீட்டினால் பாட்டு கனத்து, இழுத்து நடக்கும். இரண்டுமே தேவைப்படும் பாடல்கள் இருக்கின்றன. தவறு என்பது எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் வாசிப்பதுதான். சீரான வேகத்தில் தட்டொலி தரும் மெட்ரோனோமை மெதுவாக வைத்து, அதன் தட்டை இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளாக மனத்தில் கொண்டு, ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் வெவ்வேறு நீளங்களில் வாசித்துப் பழகுங்கள். சலிப்பூட்டும் பயிற்சி என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் குழுவோடு சேரும்போது வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு விரைவில் பலன் தருவதில்லை.

ஒலியை அடைப்பது இரண்டு கைகளின் வேலை. இடக்கை விரலைத் தந்தியிலிருந்து முற்றாக எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஸ்வரம் நின்றுவிடும். வலக்கைக் கட்டைவிரலை பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பகுதியின்) மேலேயே ஊன்றி வைக்காமல், மெல்லிய தந்திகளுக்கு மாறும்போது தடித்த தந்திகளின் மீது சாய்த்து நகர்த்திக்கொண்டே போனால், வாசிக்காத தந்திகள் தாமாக அதிர்ந்து முனகுவது நிற்கும். வீட்டில் சின்ன ஒலியில் வாசிக்கும்போது இந்த முனகல் கேட்கவே கேட்காது. பப்பில் ஆம்பை ஏற்றியதும், நீங்கள் தொடாத தந்திகள்கூட எதிரே இருக்கும் ஸ்பீக்கரின் அதிர்வால் ஒலிக்கத் தொடங்கும்.

பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கொண்டு வாசிக்கலாமா, விரலால்தான் வாசிக்க வேண்டுமா என்பது கிட்டார்காரர்கள் சற்றுக் கூச்சத்துடன் கேட்கும் கேள்வி. கூச்சம் தேவையில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோக்களில் 1960களில் கணக்கற்ற ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த கேரல் கே கிட்டாரிலிருந்து வந்தவர், பிக்கால் வாசித்தவர். இன்னொரு கோடியில், டெட்ராயிட்டின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் டொனால்ட் 'டக்' டன் வாசித்தவற்றைக் கவனித்தால், எவ்வளவு குறைவான ஸ்வரங்களால் ஒரு பாட்டை முன்னே தள்ள முடியும் என்பது விளங்கும். உங்களைப் போலவே கிட்டாரிலிருந்து பேஸுக்கு மாற நேர்ந்தவர்தான் பால் மெக்கார்ட்னியும். 1961ல் பீட்டில்ஸின் பேஸ் வாசிப்பாளர் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் குழுவை விட்டு விலகியதால் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது.

தமிழ்ப் பாடல்கள் கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கே ஒரு சிறு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. இளையராஜாவின் பல பாடல்களில் பேஸ், பாட்டின் மெட்டுக்கு எதிராகத் தானும் ஒரு மெட்டாக நகர்கிறது. அந்தப் பழக்கத்தால் நமக்கு பேஸைத் தனியே பிரித்துக் கேட்கும் திறன் இயல்பாகவே வந்திருக்கும், அது நல்லதுதான். ஆனால் அங்கே மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றும் என்ன வாசிக்கும் என்று முன்கூட்டியே எழுதப்பட்டு, பேஸுக்கென இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பப் குழுவில் அப்படி எழுதித் தருபவர் யாரும் இல்லை. இரண்டு கிட்டார்களும் ஒரு கீபோர்டும் தத்தம் விருப்பப்படி வாசித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நீங்களும் அலங்காரம் செய்யத் தொடங்கினால், பாட்டுக்கு அடித்தளமே இல்லாமல் போகும். கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையைப் பற்றியும் முதல் ஒத்திகையிலேயே பேசிக்கொள்ளுங்கள். தனியாக வாசித்துப் பழகியவர்கள் பேஸ் ஸ்வரங்களையும் சேர்த்தே வாசிப்பார்கள், அது உங்களோடு மோதும்.

பாடல்களைப் பழகுவது அடுத்த வேலை. பப்பில் ஒரு மாலை என்பது வழக்கமாக முக்கால் மணி நேரம் கொண்ட இரண்டு பகுதிகள். இருபது முதல் இருபத்தைந்து பாடல்கள் தேவைப்படும். அத்தனையையும் ஸ்வரம் ஸ்வரமாக மனப்பாடம் செய்ய முயன்றால் மாதக்கணக்காகும். முதலில் ஒவ்வொரு பாட்டின் அமைப்பையும் ஒரு துண்டுத்தாளில் அடங்கும்படி எழுதிக்கொள்ளுங்கள்: முன்னிசை எத்தனை அளவு (ஒன்று முதல் நான்கு வரை எண்ணும் ஒரு தொகுதிதான் ஓர் அளவு), எங்கே எல்லோரும் நிற்கிறார்கள், எங்கே கார்டு மாறுகிறது, எப்படி முடிகிறது. பென் ஈ. கிங் 1961ல் பாடிய 'ஸ்டேண்ட் பை மீ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, ஈ என்ற நான்கு கார்டுகள் எட்டு அளவுகளில் ஒரு சுற்றாக வந்து, அதே சுற்று பாட்டு முழுவதும் மாறாமல் திரும்புகிறது. ஸ்வரங்களை ஐந்து நிமிடத்தில் கற்றுவிடலாம். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்ற கணக்கு நழுவாமல், கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றில் இருந்த அதே சீரோடு வாசிப்பதுதான் அங்கே சோதனை.

முடிவுகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். ஒலிப்பதிவுகளில் பல பாடல்கள் ஒலி மெல்லக் குறைந்து மறைவதோடு முடிகின்றன. மேடையில் அப்படி முடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு முடிவை வைத்திருக்கும், அது எந்த ஒலிப்பதிவிலும் இருக்காது. வீட்டில் அசல் பாட்டோடு எவ்வளவு சுத்தமாக வாசித்துப் பழகினாலும், கடைசி நான்கு அளவுகளில் நீங்கள் மட்டும் தனியே ஒலித்துக்கொண்டிருக்க நேரலாம்.

சுருதியும் அப்படித்தான். ஸ்டீவி வொண்டரின் 'சூப்பர்ஸ்டிஷன்' அசலில் ஈ ஃபிளாட் மைனரில் இருக்கிறது. கிட்டார்காரர்கள் அதை ஈயில் வாசிக்க ஆசைப்படுவார்கள், பாடுபவரோ தம் குரலுக்கு ஏற்ப இன்னும் கீழே கேட்கலாம். திறந்த தந்திகளை (விரல் அழுத்தாமல் ஒலிக்கும் தந்திகளை) நம்பி ஒரு பாட்டைக் கற்றிருந்தால் சுருதி மாறும் அன்று எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டும். விரல் அமைப்பை அப்படியே நகர்த்தக்கூடிய வகையில், திறந்த தந்தி இல்லாமல் கற்றுக்கொள்வது நல்லது. அந்தப் பாட்டின் அசலில் கேட்கும் பேஸ், பேஸ் கிட்டாரே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வொண்டர் அதை மூக் சின்தசைசரில் வாசித்தார். த ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் 2003ல் வெளியிட்ட 'செவன் நேஷன் ஆர்மி'யில் உலகமே பேஸ் என்று எண்ணிப் பாடும் அந்த வரி, பெடல் ஒன்றால் ஒரு ஸ்தாயி இறக்கப்பட்ட கிட்டார். பிரின்ஸின் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டில் பேஸ் என்று ஒன்றே கிடையாது. இத்தகைய பாடல்களில் உங்களுக்கு முன்மாதிரி இருக்காது. குழுவின் ஒலிக்கு எது தேவையோ அதை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த வரியை அசலைப் போல அப்படியே வாசிக்க வேண்டும், எதைச் சுருக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு: கூட்டம் வாயால் முணுமுணுக்கக்கூடிய பேஸ் வரியில் கை வைக்கக் கூடாது. குவீன் குழுவின் ஜான் டீக்கன் எழுதி 1980ல் வெளிவந்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாட்டில் பேஸ் வரியே பாட்டு. அதில் ஓர் ஓய்வு இடம் மாறினாலும் மதுக்கோப்பையோடு நிற்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஜேமர்சன் வாசித்த நெருக்கமான வரிகள் வேறு வகை. கேட்பவர் அவற்றை உணர்கிறாரே தவிர, ஸ்வரம் ஸ்வரமாக நினைவில் வைத்திருப்பதில்லை. அவற்றின் நடையைப் பிடித்துக்கொண்டு ஸ்வரங்களைக் குறைத்தால் யாருக்கும் நட்டம் இல்லை. முழுவதையும் வாசிக்க முயன்று தாளத்தைத் தவறவிட்டால் ஆடிக்கொண்டிருப்பவர்கள் நின்றுவிடுவார்கள்.

இனி கருவி. லியோ ஃபெண்டர் 1951ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸும் 1960ல் வந்த ஜாஸ் பேஸும்தான் இன்றுவரை பப் மேடைகளில் அதிகம் தென்படும் இரண்டு வடிவங்கள். மலிவான நிறுவனங்கள் செய்பவையும் பெரும்பாலும் இவற்றின் சாயல்கள்தான். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் பிரிசிஷன் வகையைச் சொல்வேன். ஒரு பிக்கப், ஒலிக்கு ஒரு திருகு, தொனிக்கு ஒரு திருகு என்று அதில் குழம்புவதற்கு ஏதும் இல்லை, மற்ற வாத்தியங்களின் நடுவே அதன் ஒலி அமுங்குவதும் இல்லை. இவற்றின் தந்தி நீளம் 34 அங்குலம், வழக்கமான ஃபெண்டர் கிட்டாருக்கு 25.5 அங்குலம்தான். அந்த வேறுபாட்டை முதல் வாரத்தில் உங்கள் இடக்கை உணரும். கீழ் ஃபிரெட்டுகளில் ஒரு விரலுக்கு ஒரு ஃபிரெட் என்று கையை விரிக்காமல், ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றைக் கொண்டு மூன்று ஃபிரெட்டுகளை மட்டும் அடக்கி வாசித்தால் மணிக்கட்டு பிழைக்கும். கை சிறியது என்றால் 30 அங்குலக் கருவிகளும் கிடைக்கின்றன, அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பழைய கருவியாக வாங்கி, மிச்சப் பணத்தில் அதன் தந்தி உயரத்தையும் கழுத்தின் வளைவையும் சரிசெய்து வாங்குவது புதிதாக வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம். கருவி நான்கு கிலோ அளவுக்கு இருக்கும் என்பதால் அகலமான தோள்பட்டை வார் வேண்டும். உள்ளே பேட்டரி வைத்த கருவி என்றால் பையில் எப்போதும் ஒரு மாற்று பேட்டரி இருக்கட்டும். அது தீர்ந்துபோவது வீட்டில் நடக்காது. ஐந்து தந்திக் கருவி இப்போதைக்கு வேண்டாம்.

ஆம்ப் பற்றி முடிவு செய்ய, அறையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். திறந்த ஈ தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், காற்றில் அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். பப்பில் குழுவுக்கு ஒதுக்கப்படும் மூலையும் அதைச் சுற்றியுள்ள அறையும் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியவையே. ஆகவே சில ஸ்வரங்கள் சுவர்களுக்கு இடையே பட்டுத் திரும்பி ஓரிடத்தில் பெருகியும், இன்னோரிடத்தில் மறைந்தும் ஒலிக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் பேஸே கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவீர்கள், கதவோரம் அமர்ந்திருப்பவரின் கோப்பை மேசையில் நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டு சுவர்கள் கூடும் மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் கீழ் ஒலிகள் இன்னும் பெருகும் என்பதால், இடம் கிடைத்தால் சுவரிலிருந்து நகர்த்தி, ஒரு நாற்காலியின் மீதாவது ஏற்றி, உங்கள் காதை நோக்கி வையுங்கள். பெரும்பாலான மேடைச் சச்சரவுகள், பேஸ் வாசிப்பவரின் முழங்காலை நோக்கி ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருப்பதால் வருபவை.

தொனியை அமைப்பதிலும் ஒரு முரண் உண்டு. படுக்கையறையில் தனியாக வாசிக்கும்போது மெத்தென்று இனிமையாக இருக்கும் தொனி, டிரம்ஸும் கிட்டார்களும் சேர்ந்தவுடன் காணாமல் போய்விடும். தனியே கேட்டால் சற்று மூக்கால் பேசுவது போலத் தோன்றும் நடு ஒலிகள்தான், அதாவது 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான், குழுவின் நடுவே உங்கள் ஸ்வரத்தை அடையாளம் காட்டுகிறது. எனவே பப்பில் பேஸ் கேட்கவில்லை என்றால் ஒலியைக் கூட்டுவதற்கு முன், கீழ் ஒலியைச் சற்றுக் குறைத்து நடு ஒலியைக் கூட்டிப் பாருங்கள். திறனைப் பொறுத்தவரை, தாழ்ந்த ஒலிகளுக்கு மனிதச் செவியின் கூர்மை குறைவு என்பதால் கிட்டார் ஆம்பைவிடப் பல மடங்கு வாட் பேஸுக்குத் தேவைப்படும். 300 முதல் 500 வாட் வரை தரும் கிளாஸ் டி வகை ஆம்ப் இன்று இரண்டு மூன்று கிலோவில் கிடைக்கிறது. அதோடு பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு கொண்ட ஒரு கேபினெட், அல்லது நல்ல பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று போதும். ஆம்பெக் நிறுவனம் 1969ல் கொண்டுவந்த 300 வாட் எஸ்விடி போன்ற வால்வு ஆம்ப்களின் ஒலி அருமையானதுதான், ஆனால் அதையும் எட்டு ஸ்பீக்கர் கொண்ட அதன் கேபினெட்டையும் பப்பின் பின்வாசல் படிகளில் தூக்கிச் சென்ற எவரும் அடுத்த தலைமுறைக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. திறனை இருமடங்காக்கினாலும் ஒலி மூன்று டெசிபெல்தான் கூடும் என்பதால், வாட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். டியூனர் பெடல் ஒன்றும், மாற்று கேபிள் ஒன்றும் கட்டாயம்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், குழுவில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1964ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் கீழ், தனி அனுமதி பெறாத பப்பில் இரண்டு இசைக்கலைஞர்களுக்கு மேல் வாசிக்க முடியாத நிலை இருந்தது. அதன் இடத்தில் வந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வகைச் சிக்கல்களைக் கொண்டுவந்தது. 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டத்துக்குப் பின், அங்கேயே அமர்ந்து மது அருந்த உரிமம் பெற்ற இடங்களில், காலை 8 முதல் இரவு 11 மணி வரை, 200 பேர் வரையிலான கூட்டத்துக்கு நேரடி இசைக்கென்று தனி உரிமம் தேவையில்லை என்றாயிற்று. 2015ல் அந்த எண்ணிக்கை 500 ஆக உயர்த்தப்பட்டது. பல பப்களில் கடைசிப் பாட்டு பதினொரு மணியை ஒட்டி முடிவதற்கு இது ஒரு காரணம். பிறர் பாடல்களை வாசிப்பதற்கான உரிமத்தை, இசை உரிமங்களை வழங்கும் பிபிஎல் பிஆர்எஸ் அமைப்பிடம் பெற வேண்டியது வழக்கமாகப் பப்பின் பொறுப்பு, உங்களுடையது அல்ல. குழுவின் பொறுப்பில் வருபவை பொதுப் பொறுப்புக் காப்பீடும், மின் கருவிகளின் பாதுகாப்புச் சோதனைச் சான்றும். சில இடங்களில் இவற்றைக் கேட்பார்கள். அண்டை வீடுகள் நெருங்கிய பப்களில் ஒலி அளவு எல்லை மீறினால் மின்சாரத்தையே துண்டிக்கும் கருவியைப் பொருத்தியிருப்பார்கள். அதன் சினத்துக்குப் பெரும்பாலும் டிரம்ஸ்தான் காரணம் என்றாலும், திடீரென்று மின்சாரம் போய்வருவது உங்கள் ஆம்புக்கும் நல்லதல்ல.

காதுகளைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் பணியிட ஒலி விதிகள் ஒரு நாளுக்கான மேல் நடவடிக்கை அளவாக (காதுப் பாதுகாப்பு கட்டாயமாகும் எல்லையாக) 85 டெசிபெல்லை வைத்திருக்கின்றன. எட்டு மணி நேரச் சராசரி அது. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்ற கணக்கில், 100 டெசிபெல்லில் அந்த முழு நாள் அளவு பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பேஸ் வாசிப்பவர் நிற்பது டிரம்ஸின் சிம்பலுக்குப் பக்கத்தில். பஞ்சு அடைப்பதால் மேல் ஒலிகள் மட்டும் மழுங்கி எல்லாம் குழம்பும். எல்லா ஒலிகளையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்பட்ட காதடைப்பான்கள் விலை அதிகமில்லை.

மேடையில் எங்கே நிற்பது என்பதை வாய்ப்பு கிடைத்தால் நீங்களே தேர்ந்தெடுங்கள்: டிரம்ஸ் வாசிப்பவரின் ஹை-ஹாட் (காலால் இயக்கும் இரட்டைச் சிம்பல்) பக்கம், அவருடைய கிக் பாதம் கண்ணுக்குத் தெரியும் இடம். பாடுபவர் ஒரு சரணத்தைத் தாவிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது நடக்கும். அப்போது நீங்கள் தயங்காமல் பாடுபவரோடு போய்விட வேண்டும். கார்டு என்னவென்று காதுக்கு உறுதி செய்வது அடியில் ஒலிக்கும் ஸ்வரம்தான். கிட்டார் ஏ மைனர் வாசிக்கும்போது நீங்கள் எஃப் வாசித்தால், கேட்பவருக்கு அது எஃப் மேஜர் செவன்த். அதனால் நீங்கள் எங்கே இறங்குகிறீர்களோ அங்கேதான் மற்றவர்களும் வந்து சேர்வார்கள். நீங்கள் பாதியில் மனம் மாறினால் குழு இரண்டாக உடையும். தாளத்தில் சரியாக விழுந்த தவறான ஸ்வரத்தைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை, ஒரு ஃபிரெட் நகர்த்திச் சரிசெய்துவிடலாம். தாளம் தவறிய சரியான ஸ்வரத்துக்கு அப்படியொரு மீட்சி இல்லை.

பணத்தை எதிர்பார்த்துச் சேராதீர்கள். பப் தரும் சில நூறு பவுண்டுகளை நான்கைந்து பேர் பிரித்துக்கொண்டு, எரிபொருளும் தந்தியும் போக மிஞ்சுவது சொற்பம்.

ஒப்புக்கொள்வதாக இருந்தால் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். பாடல் பட்டியலை, ஒவ்வொரு பாட்டுக்கும் அவர்கள் வாசிக்கும் சுருதியோடு கேளுங்கள். அசல் ஒலிப்பதிவுகள் எங்கும் கிடைக்கும் என்பதால், அவர்களுடைய சொந்த நிகழ்ச்சியைக் கைப்பேசியில் பதிந்தது எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதைக் கேளுங்கள்; அந்தக் குழுவின் வேகமும் முடிவுகளும் அதில்தான் இருக்கும். மூன்றாவதாக, விலகிச் செல்பவர் ஊர் மாறுவதற்கு முன் ஓர் ஒத்திகையில் அவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அவர் பின்குரல் பாடுகிறாரா என்பதையும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்காவது அந்தக் குரலை வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்.